கால் ஆறியும் நெட்டருகே தயக்கமா? சுளுக்குக்குப் பிறகு பிளாக்குக்குத் திரும்பும் வழி

வாலிபாலில் கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் நெட்டுக்கு அடியில்தான். பிளாக் போட்டு, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை நெட்டருகே குதித்துக் கையால் தடுத்து, இறங்குபவரின் கால் எதிரணி ஸ்மாஷரின் (பந்தை அடிப்பவரின்) பாதத்தில் ஏறிவிடும். பாதத்தில் கொஞ்சம் நடுக்கோட்டில் இருந்தால் மீதி அந்தப் பக்கம் போகலாம் என்று விதியே இடம் தருகிறது. அதனால்தான் ஆறிய பிறகும் சர்வீஸும் டைவும் பழையபடி வரும், நெட்டருகே மட்டும் குதிப்பு பாதியாகும்.

பயம் உடம்பில் தெரியும். நல்ல காலில் மட்டும் இறங்குவார், பந்தை விட்டுத் தரையைப் பார்ப்பார், நெட்டிலிருந்து ஓரடி தள்ளிக் குதிப்பார். முதலாவதை உடனே திருத்துங்கள். நல்ல முழங்காலும் கெடும்.

வலியையும் பயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குதிக்கும் முன்பே நெஞ்சு படபடத்தால் பயம். மறுநாள் காலை வீக்கம் இருந்தால் பிசியோவிடம் போங்கள். ஊட்டி, குன்னூர் விடியல் குளிரில் வரும் விறைப்பு இரண்டும் இல்லை, 15 நிமிட வார்ம்-அப்பில் விடும். அதை வலி என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள்தான் நிறைய.

பிசியோ குதிக்கச் சொன்ன பிறகு இப்படி ஏறுங்கள்:

1. நெட் இல்லாமல், நின்ற இடத்தில் குதித்து இரண்டு காலிலும் இறங்குதல். பத்து பத்தாக மூன்று முறை.
2. அதையே நெட்டருகே, எதிரில் ஆளில்லாமல். நெட் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, முதலில் 20 சென்டிமீட்டர் இறக்கிக் கட்டலாம்.
3. பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து பிளாக்.
4. எதிரில் ஒருவர் பெட்டி மேல் நின்று அடிக்க, பிளாக்.
5. ஸ்மாஷர் குதித்து அடிக்கலாம், ஆனால் நெட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள கோட்டுக்குப் பின்னாலிருந்து.
6. முழு ஆட்டம்.

ஒவ்வொரு நாளும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் 3-க்குள் இருந்தால் அடுத்த படி, 6-ஐத் தாண்டினால் ஒரு படி கீழே. பலர் நாலாம் படியிலிருந்து நேராக மேட்சுக்குப் போய் அங்கேயே உறைந்து நிற்கிறார்கள். ஐந்தாம் படியில்தான் எதிரணிக்காரர் காலில் மிதிப்போமோ என்ற பயம் கரையும். பயிற்சியில் மட்டும் நடுக்கோட்டை மிதிப்பதையே தப்பாக வையுங்கள், இரு அணிக்கும்.

எஸ்டேட் கிரவுண்டுகளின் செம்மண் மழையில் வழுக்கும். கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் மழைக்காலம். ஈரத்தில் ஐந்தும் ஆறும் வேண்டாம், ஒரு சறுக்கல் மார்க்கை மறுபடி 8-க்குக் கொண்டுபோகும். அந்த நாட்களில் ஷூ மாட்டி, கண் மூடி, ஐந்து நிமிடம் பிளாக்கை மனதில் ஆடுங்கள்: உங்கள் கண்ணால் பார்ப்பதுபோல, நிஜ வேகத்தில், இறங்கி நிற்கும்வரை. விழும் காட்சி வந்தால் நிறுத்தி, ஓட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பி.டி. மாஸ்டர்களுக்கு: "பயப்படாதே" என்றால் பயம் மறைக்கப்படும், போகாது. "எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். ஆடாத வாரங்களில் வீட்டில் உட்கார வைக்காமல், எதிரணி ஸ்மாஷர் எந்தக் கோணத்தில் ஓடி வருகிறார் என்று குறிக்கும் வேலை கொடுங்கள்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் 14416 டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம். பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு: முதல் ஒரு வருடம் அதே கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ஒற்றைக் கால் சமநிலைப் பயிற்சியையும், ஆடும்போது கணுக்காலைத் தாங்கும் பிரேஸையும் அதுவரை விடாதீர்கள்.