39 என்றால் எவ்வளவு காய்ச்சல்? செல்சியஸ், ஃபாரன்ஹீட் மாற்றும் வழி

சிங்கப்பூரிலிருந்து அக்கா போனில், "குழந்தைக்கு 39 இருக்கும்மா" என்றாள். அம்மாவுக்கு 102 என்றால் உடனே புரியும். 39 என்றால் பயப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. அன்று நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குதான் இது.

நம் வீடுகளில் காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட், ஏசி ரிமோட்டில் செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் வெயிலை செல்சியஸில் தருகிறது. பத்திரிகையில் "வெயில் சதமடித்தது" என்று வந்தால் அது ஃபாரன்ஹீட். இரண்டும் தெரியாமல் முடியாது.

முதலில் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், சூத்திரம் தானாக வரும். தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, கொதிப்பது 100. (1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் இதைத் தலைகீழாக, கொதிநிலைக்கு 0 என்றுதான் வைத்திருந்தார்; பிறகு திருப்பிவிட்டார்கள்.) ஃபாரன்ஹீட்டில் அதே இரண்டும் 32, 212. அதாவது இங்கே 100 படி ஏறினால் அங்கே 180 படி. ஒன்றுக்கு 1.8. தொடக்கமே 32 என்பதால் கடைசியில் 32 கூட்ட வேண்டும்.

செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்: 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள். மனக்கணக்காகப் போட இன்னும் எளிய வழி உண்டு. அக்கா சொன்ன 39ஐயே எடுப்போம்.

1. இரட்டிப்பாக்குங்கள்: 78.
2. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 78 − 7.8 = 70.2.
3. 32 கூட்டுங்கள்: 102.2.

இது தோராயம் இல்லை, சரியான விடையே. இரண்டு மடங்கில் பத்தில் ஒன்று போனால் மிஞ்சுவது 1.8 மடங்குதானே!

ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸ்: வந்த வழியே திரும்ப வேண்டும். முதலில் 32ஐக் கழித்து, அப்புறம் 1.8 ஆல் வகுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் விடை தப்பும். வெயில் சதம்: 100 − 32 = 68. அதில் பாதி 34. அதோடு பத்தில் ஒரு பங்கு 3.4, நூறில் ஒரு பங்கு 0.34 சேர்த்தால் 37.74. உண்மையான விடை 37.8க்கு மிக அருகில். அன்றாடத் தேவைக்கு இது போதும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெப்பநிலை வேறு, வெப்பநிலை *வித்தியாசம்* வேறு. 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் வரும், பூமியின் 1.5 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வை ஃபாரன்ஹீட்டில் சொல்ல 1.8 ஆல் பெருக்கினால் போதும்: 2.7. பழக்க தோஷத்தில் 32ஐயும் கூட்டினால் 34.7 என்று வரும்; பூமி அவ்வளவு சூடானால் யாரும் மிஞ்ச மாட்டோம். "எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது" என்ற கேள்விகளில் 32க்கு வேலையே இல்லை.

அறிவியலில் பயன்படுத்தும் இன்னொரு வெப்பநிலை அளவான கெல்வின் சுலபம். செல்சியஸோடு 273.15 கூட்டுங்கள். 27 டிகிரி அறை 300.15 கெல்வின். கெல்வினுக்கு 'டிகிரி' போடுவதில்லை.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்க −40ஐ வைத்துப் பாருங்கள். செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டிலும் அது −40தான்.

சரி, இப்போது நீங்களே ஒன்று போடுங்கள்: கத்திரி வெயிலில் 104 ஃபாரன்ஹீட். 40 வந்ததா?