நோர்வேயில் முதல் ஆண்டு: சம்பளத்தில் பிடிபடுவது எங்கே போகிறது?

நோர்வேயை எண்ணெய் நாடு என்று கேள்விப்பட்டு வருபவர்கள் அதிகம். கத்தாரும் குவைத்தும்கூட எண்ணெய் நாடுகள்தான், ஆனால் அங்கே சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. இங்கே முதல் மாதமே கால்வாசி போய்விடும். வரி அட்டை (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் ஆவணம்) எடுக்காமல் வேலைக்குப் போனால் பாதியே போய்விடும்.

எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969 கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களின் லாபத்தில் 78 சதவீதம் வரியாகப் போகிறது. அந்தப் பணத்தை நேரே நாட்டுக்குள் கொட்டினால் சம்பளமும் விலைவாசியும் ஏறி மற்றத் தொழில்கள் படுத்துவிடும். அதனால் 1990இல் சட்டம் போட்டு ஒரு நிதியம் அமைத்தார்கள், 1996இல் முதல் தொகை அதில் விழுந்தது. அது வெளிநாடுகளில் மட்டுமே முதலீடு செய்யும். அதிலிருந்து அரசு ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்பது விதி. மிச்சச் செலவுக்குச் சம்பளம் வாங்குபவர்களும் படியளக்கிறார்கள். பதிலுக்கு, பதிவான உங்கள் வருமானத்தை வைத்துத்தான் அரசு உங்களுக்குத் தருவதையும் கணக்குப் பார்க்கும்.

ஆகவே முதல் வேலை வரி அட்டை. கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, வேலை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்தில் நேரில் அடையாளம் காட்ட வேண்டும். நேர ஒதுக்கீடு கிடைக்கவே சில வாரம் ஆகலாம், வந்திறங்கியதும் பதிவு செய்யுங்கள். அட்டை இல்லாவிட்டால் முதலாளி 50 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும், அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கூடப் பிடித்தது பிறகு திரும்பி வரும், ஆனால் வாடகைக்கு அது உதவாது. புதிதாக வருபவர்களை வழக்கமாக 25 சதவீத ஒரே வீத வரியில் போடுவார்கள். அதில் எந்தக் கழிவும் கோர முடியாது. வேலைக்குப் போய்வரும் செலவோ கடன் வட்டியோ அதிகம் என்றால் சாதாரண முறைக்கு மாற்றிக் கேட்கலாம். மாறுவதற்கு முன் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நோர்வேயில் எல்லாருக்குமான குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இல்லை. ஏற்றுமதித் துறைகளின் தொழிற்சங்கமும் முதலாளிகளும் முதலில் சம்பள உயர்வைப் பேசி முடிப்பார்கள், மற்றத் துறைகள் அந்த அளவை ஒட்டியே போகும். வெளிநாட்டவர் அதிகம் சேரும் துப்புரவு, உணவகம், மீன் பதனிடல், கட்டடம் போன்ற துறைகளுக்கு மட்டும் மணிச்சம்பளத்தின் அடிமட்டம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய தொகை தொழிலாளர் கண்காணிப்புத் துறையின் இணையதளத்தில் இருக்கும். துப்புரவு நிறுவனம் என்றால் அந்தக் கண்காணிப்புத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேலதிக நேரத்துக்குக் குறைந்தது 40 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும், சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும்.

இனிக் கறுப்பில் வேலை, அதாவது பதிவில்லாமல், வரி கட்டாமல் செய்யும் வேலை. 'வரி மிச்சம், கையில் காசு' என்று நம்மவர்களே கூப்பிடுவார்கள். அந்தக் கணக்கில் விடுபடுவது நிறைய. நோயில் படுத்தால் முதல் 16 நாள் முதலாளியும் அதன் பிறகு நாவ் (அரசின் வேலைவாய்ப்பு, சமூக நல அமைப்பு) அலுவலகமும் சம்பளம் தரும், பதிவான வருமானத்துக்கு மட்டும். பிள்ளைப்பேற்று விடுமுறைப் பணத்துக்கு முந்தைய 10 மாதத்தில் 6 மாத வருமானம் காட்ட வேண்டும். ஓய்வூதியக் கணக்கில் ஆண்டு வருமானத்தின் 18.1 சதவீதம் ஓர் உச்சவரம்பு வரை சேரும், கறுப்புச் சம்பளத்துக்குப் பூச்சியம். வீட்டுக் கடன் பொதுவாக ஆண்டு வருமானத்தின் ஐந்து மடங்கைத் தாண்டாது. ஊரிலிருந்து மனைவியையோ கணவரையோ கூப்பிடும்போதும் வரிக் கணக்கைத்தான் கேட்பார்கள்.

சம்பளச் சிட்டையை மட்டும் நம்பாதீர்கள். சிட்டையில் வரி பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு. வரித்துறை இணையதளத்தில் நுழைந்து முதலாளி உங்களுக்காக அனுப்பிய மாத அறிக்கையைப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த மாதமே கேளுங்கள். சிட்டைகளை எறியவேண்டாம்.

முதல் ஜூன் மாதம் பலருக்குத் தலையில் இடி. இங்கே விடுமுறைக்கான சம்பளம் முந்தைய ஆண்டு உழைத்ததிலிருந்து வருகிறது: சட்டப்படி 10.2 சதவீதம், கூட்டு ஒப்பந்தம் உள்ள இடங்களில் 12. விடுமுறை நாட்களுக்கான சம்பளம் வழக்கமாக ஜூனில் கழிக்கப்பட்டு, அந்த இடத்தில் இந்தப் பணம் வரும். சென்ற ஆண்டு இங்கே உழைக்காதவருக்கு கழிப்பு மட்டும்தான். பணம் சேராத நாட்களுக்கு விடுமுறை வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வசந்தத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வாடகை முற்பணத்தை வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். அது உங்கள் பெயரில் திறக்கும் தனி வைப்புக் கணக்கில் இருக்க வேண்டும், திறக்கும் கட்டணம் வீட்டுக்காரருடையது, வட்டி உங்களுடையது. ஆறு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களில் பிறக்கிறது. ஆனாலும் நாடு ஐந்து விலை வலயங்களாகப் பிரிந்து கிடக்கிறது. வடக்கிலிருந்து தெற்குக்குக் கொண்டுவரப் போதிய கம்பிவழி இல்லாததால் ட்ரொம்சோவில் மலிவு, ஒஸ்லோவிலும் கிறிஸ்தியான்சாண்டிலும் விலை கூட. பில்லில் மின்சாரம் ஒன்று, கம்பிவழிக் கட்டணம் இன்னொன்று. இரண்டாவதில் ஒரு பகுதி, பெரும்பாலான இடங்களில், மாதத்தின் மூன்று வெவ்வேறு நாட்களில் உச்சமாக இழுத்த ஒரு மணி நேரங்களின் சராசரியை வைத்து வரும். அவனில் கோழி வேகும்போது துணி உலர்த்தியையும் கார் சார்ஜரையும் சேர்த்துப் போட்டால் அந்த மாதம் முழுக்க அதற்குக் கட்ட வேண்டியிருக்கும். காரை நள்ளிரவுக்குப் பிறகு செருகுங்கள்.

பல் வைத்தியத்துக்கு மட்டும் ஊரிலிருந்தே தயாராக வாருங்கள். பிள்ளைகளுக்கு இலவசம். பெரியவர்கள் பொதுவாக முழுக்கக் கைக்காசுதான் கட்ட வேண்டும்.