வெஸ்ட் மிட்டனைச் சுற்றி: மான்யுமென்ட் வேலியில் வழிகாட்டியின்றி நடக்க ஒரு பாதை

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் உள்ள மான்யுமென்ட் வேலிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், பார்வையாளர் மையத்தின் முன்னால் நின்று மூன்று செம்பாறைக் குன்றுகளையும் படம் எடுத்துக்கொண்டு, 17 மைல் மண்சாலையில் காரை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மூன்று குன்றுகளில் இடது ஓரத்தில் நிற்பது வெஸ்ட் மிட்டன். கட்டைவிரல் மட்டும் தனியே பிரிந்திருக்கும் குளிர்காலக் கையுறையின் பெயரே மிட்டன். குன்றைப் பார்த்தவுடன் பெயர்ப்பொருத்தம் விளங்கிவிடும். இக்குன்றை முழுவதுமாக ஒரு சுற்றுச் சுற்றிவர வைல்ட்கேட் டிரெயில் என்ற நடைபாதை இருக்கிறது. பள்ளத்தாக்கிற்குள் நவஹோ பழங்குடி வழிகாட்டி யாரையும் உடன் அழைத்துக்கொள்ளாமல் நாமே நடக்க அனுமதிக்கப்பட்டிருக்கும் பாதை இது.

பாதையின் நீளம் 3.2 மைல் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். காரை நிறுத்திய இடத்திலிருந்து காருக்கே திரும்பி வரும்வரை கணக்கிட்டால் 4 மைலை நெருங்கிவிடும். நிதானமாக நடப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம் போதும். தூரத்தை மட்டும் பார்த்து இதை எளிய நடை என்று முடிவுசெய்யும் தவறைத்தான் நான் முதன்முறை செய்தேன். மலையேற்றத்தில் வழக்கமாக ஏறிச் சென்று இறங்கித் திரும்புவோம்; களைத்த பிறகு இறக்கம் நமக்கு உதவும். இங்கு எல்லாம் தலைகீழ். பார்வையாளர் மையம் நிற்கும் மேட்டின் விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கின் தரைக்கு ஏறத்தாழ 400 அடி இறங்கித் தொடங்குகிறோம். வெயில் ஏறி, தண்ணீர் குறைந்து, கால்கள் சோர்ந்த நேரத்தில் அதே 400 அடியை நெகிழ்ந்த மணலில் ஏறி முடிக்கிறோம். ஆகவே எப்போது கிளம்புவது, எவ்வளவு தண்ணீர் எடுப்பது, எங்கே உட்காருவது என்ற எல்லா முடிவுகளையும் அந்தக் கடைசி அரை மைலை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மான்யுமென்ட் வேலி அமெரிக்கக் கூட்டரசின் தேசியப் பூங்கா அன்று. நவஹோ மக்கள் தங்கள் நிலத்தில் 1958இல் அமைத்த பழங்குடிப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஆண்டுச் சீட்டு இங்கே செல்லாது. தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் தனியே செலுத்த வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதும் பாறைகளில் ஏறுவதும் தடை செய்யப்பட்டவை. நவஹோ நிலத்தில் மதுவுக்கும் அனுமதி இல்லை. பெட்ரோலையும் உணவையும் தெற்கே சுமார் 25 மைல் தொலைவில் உள்ள கயென்டாவிலேயே வாங்கிவிடுவது நல்லது.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அரிசோனா மாநிலம் கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசமோ பின்பற்றுகிறது. எனவே மார்ச் முதல் நவம்பர் வரை மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸைவிட இங்கே ஒரு மணி நேரம் கூடுதல். நவஹோ நிலத்தால் சூழப்பட்டிருக்கும் ஹோப்பி மக்களின் நிலத்தில் மீண்டும் அரிசோனா நேரம்தான் என்பது வழியில் வருபவர்களை மேலும் குழப்பும். கைபேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அதற்கேற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், பூங்காவின் திறப்பு நேரத்தையும் பாதையை விட்டு வெளியேற வேண்டிய நேரத்தையும் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொண்டு, அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நடக்க ஏற்றவை. ஜூன், ஜூலையில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டும். அந்த மாதங்களில் போவதானால் பாதை திறந்தவுடன் இறங்கிவிட வேண்டும். அதில் வெப்பத்தைத் தவிர்ப்பதற்கும் மேலான ஒரு வசதி உண்டு. குன்று தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரம் நிற்பதால், காலை வெயில் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அதன் நிழல் மேற்குப் பக்கத்தில் வெகுதூரம் நீண்டு கிடக்கும். மரநிழல் என்று சொல்லும்படி எதுவும் இல்லாத பாதையில் கிடைக்கும் பெருநிழல் அது ஒன்றுதான். 10 மணிக்கு மேல் அது குன்றின் அடிவாரத்துக்கே சுருங்கிவிடும்.

பாதையில் தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறையும் இல்லை. வெயில் காலத்தில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு, ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புக்கடலை, முறுக்கு போன்ற எதையாவது கொறித்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டரைத் தொடாமல் பையின் அடியில் வைத்துவிடுங்கள். கடைசி ஏற்றத்தில்தான் அதைத் திறக்க வேண்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது நமக்கே தெரியாது. நான் முதல்முறை ஒரே ஒரு பாட்டிலுடன் இறங்கி, பாதிச் சுற்றில் அதை முடித்துவிட்டு, கடைசி ஏற்றத்தில் இருபது அடிக்கு ஒருமுறை நின்று நின்று மேலே வந்து சேர்ந்தேன். சட்டை நனையவே இல்லை. உப்பு மட்டும் வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது.

காலுக்குக் கணுக்காலை மூடும் காலணி வேண்டும். வலைத்துணி வைத்துத் தைத்த ஓட்டக் காலணிகளில் மாவு போன்ற அந்தச் செம்மணல் துணியை ஊடுருவி உள்ளே இறங்கி, விரல்களுக்கு இடையே உராய்ந்து கொப்புளமாக்கிவிடும். அகன்ற விளிம்புள்ள தொப்பியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். பிற்பகலில் காற்று பலமாக வீசும், மணலும் சேர்ந்தே பறக்கும்.

பார்வையாளர் மையத்துக்கு வடக்கே, கூடாரங்கள் அடிக்கும் திடலின் அருகே பாதை தொடங்குகிறது. இறங்கும்போது ஒருமுறை திரும்பி நின்று, மேட்டின் மீது தெரியும் ஓட்டல் கட்டடத்தை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதுவே அடையாளம். கீழே பாதை இரண்டாகப் பிரிந்து வட்டமாகும் இடத்தில் பலகை காட்டும் பக்கமே செல்ல வேண்டும். ஆடுகளும் குதிரைகளும் நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்கள் ஆங்காங்கே குறுக்கிடும். பார்ப்பதற்கு அவை நம் பாதையைவிடத் தெளிவாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு குறிக்கம்பத்தைக் கடந்து நெடுநேரம் நடந்தும் அடுத்தது தென்படவில்லை என்றால், முன்னே போய்த் தேடாமல், வந்த காலடித் தடத்தைப் பார்த்து முந்தைய கம்பத்துக்கே திரும்பிவிடுங்கள். பாதையை விட்டு விலகாதிருக்க வேறொரு காரணமும் உண்டு: ஓரங்களில் கறுத்துப் பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் அந்தப் பொருக்கு, ஒரு காலடியில் நொறுங்கினால் மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

குன்றின் பின்பக்கம், வெஸ்ட் மிட்டனுக்கும் அதன் பக்கத்துக் குன்றான ஈஸ்ட் மிட்டனுக்கும் இடையே பாதை செல்லும் பகுதியில் அவசரப்படாதீர்கள். மேலே நின்று பார்த்தபோது கையுறையாகத் தெரிந்த உருவம் நடக்க நடக்கக் கலைந்துவிடும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மறைந்து, சிறிது தூரத்தில் வேறு பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியாக வெளிப்படும். அங்கே நின்று குன்றைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் பாவாடை விரித்ததுபோல் சரிந்து, படிப்படியாகக் கோடு போட்டிருப்பது ஆர்கன் ராக் என்னும் மென்மையான களிப்பாறை அடுக்கு. அதன்மேல் சுவராக நிமிர்ந்து நிற்பது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகி உருவான டி ஷே மணற்பாறை. அடிப்பாறை அரிக்கப்பட்டு உள்வாங்கும்போது மேற்பாறை தாங்குதலை இழந்து, செங்குத்தான வெடிப்புகளின் வழியே பலகை பலகையாகப் பிளந்து விழுகிறது. சுவர் எப்போதும் செங்குத்தாகவே இருப்பதற்கு இதுவே காரணம். அப்படி விழுந்த பாறைகள் சரிவில் வீட்டளவில் கிடப்பதைக் கண்ணால் காணலாம். ஆகவே நிழலுக்காகச் சுவரின் அடியை ஒட்டிப் போய் உட்காருவது புத்திசாலித்தனம் அன்று. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது; சுவரில் மேலிருந்து வழிந்ததுபோல் தெரியும் கருங்கோடுகளில் மாங்கனீசும் உண்டு.

வழியில் வறண்ட மணல் ஓடைகளைக் கடக்க வேண்டியிருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் திடீர் இடிமழை பெய்யும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், தொலைவில் பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வந்துவிடும் என்பதால் ஓடைக்குள் அமர்ந்து இளைப்பாறக் கூடாது. இடியோசை கேட்டால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மேட்டுக்குத் திரும்புவதே முறை. ஜூனிபர் மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் பார்க்காமல் கையை வைக்காதீர்கள். வெப்ப மாதங்களில் விரியன் வகைப் பாம்புகள் அங்கே ஒதுங்கியிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் நவஹோ குடும்பங்கள் வாழ்கின்றன. கிழக்கு நோக்கிய வாசலுடன் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய ஹோகன் என்னும் வீடு எங்கேனும் கண்ணில் பட்டால், அதைக் காட்சிப்பொருளாக நினைத்து எட்டிப் பார்க்கலாகாது. மனிதர்களையோ அவர்களது வீட்டையோ கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது. கல், உடைந்த பானையின் ஓடு, எலும்பு எதுவாயினும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

மாலை ஒளியில் குன்றுகள் தணலாகச் சிவப்பது பார்வையாளர் மையத்தின் பக்கமிருந்துதான் தெரியும் என்பதால், மாலையை நடைக்கு ஒதுக்காமல் மேட்டிலேயே கழிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சில நாள்களில், சூரியன் மறையும் நேரத்தில் வெஸ்ட் மிட்டனின் நிழல் ஈஸ்ட் மிட்டனின் மீது அப்படியே பதிவதையும் அங்கிருந்தே காணலாம்.

கடைசி ஏற்றம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். காலணியைக் கழற்றி மணலைக் கொட்டிவிட்டு, காலுறையைத் திருப்பி மாட்டுங்கள். ஒதுக்கி வைத்த தண்ணீரில் பாதியைக் குடியுங்கள். மணலில் விரல்நுனியை ஊன்றி உந்தினால் கால் பின்னோக்கிச் சறுக்கும். பாதம் முழுவதும் படியும்படி சிறிய அடிகளாக, முன்னே சென்றவர்களின் தடத்திலேயே மிதித்து ஏறினால் பாதி உழைப்பு மிச்சமாகும். குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் அவர்களை முன்னே விட்டு, அவர்களுடைய வேகத்திலேயே மற்றவர்கள் ஏற வேண்டும். மேலே வந்ததும் காருக்குள் ஏறும் முன் இன்னொரு முறை காலணியைத் தட்டிவிடுங்கள். எங்கள் காரின் விரிப்பில் படிந்த அந்தச் சிவப்பு இரண்டு முறை கழுவியும் இன்னும் போகவில்லை.