எக்ஸானுக்குப் பெற்றோர் ஒருவர் மட்டுமல்ல

மரபணுத் தரவுக்கு டேட்டாபேஸ் வடிவமைக்கும்போது, ஜீன், எக்ஸான் போன்ற அம்சங்களை வைக்கும் டேபிளிலேயே ‘பெற்றோர் ஐடி’ என்று ஒரு ஃபீல்டு வைத்துவிடத் தோன்றும். ஜீன், அதிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்என்ஏவான டிரான்ஸ்கிரிப்ட் வரை அது ஓடும். டிரான்ஸ்கிரிப்ட்டின் துண்டான எக்ஸானில் மாட்டிக்கொள்ளும். ஒரு ஜீனின் எக்ஸான்கள் வெவ்வேறு விதமாக இணைக்கப்படும் மாற்று ஸ்ப்ளைசிங்கால், ஒரே எக்ஸான் பல டிரான்ஸ்கிரிப்ட்டுகளில் இடம்பெறலாம். இந்த அம்சங்களைப் பட்டியலிடும் ஜிஎஃப்எஃப்3 கோப்பும் ஒரே அம்சத்துக்குப் பல பெற்றோரை அனுமதிக்கிறது.

அதனால் உறவைத் தனி டேபிளாக வையுங்கள்: பிள்ளை ஐடி, பெற்றோர் ஐடி, உறவின் வகை. மரபணுத் தரவுக்கான டேட்டாபேஸ் வடிவமைப்பான சாடோ ஸ்கீமாவின் வழியும் இதுதான். வகை தேவையா என்றால், கட்டாயம் தேவை. எக்ஸான், எம்ஆர்என்ஏவின் (புரதத்துக்கான டிரான்ஸ்கிரிப்ட்) ‘பகுதி’. பாலிபெப்டைடோ (புரதச் சங்கிலி) அதிலிருந்து ‘பெறப்பட்டது’. வகை இல்லாவிட்டால், எக்ஸான்களின் நீளத்தைக் கூட்டும்போது புரதமும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

அப்புறம் வரிசை எண். அதை எக்ஸானோடு சேர்க்காமல் உறவு வரியில் வையுங்கள். ஒரு டிரான்ஸ்கிரிப்ட்டில் இரண்டாவதாக இருக்கும் எக்ஸான், இன்னொன்றில் மூன்றாவதாக இருக்கலாம். தொடக்க, முடிவு இடங்களை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் டிஎன்ஏவின் எதிர்த்திசை இழையான மைனஸ் இழையில் வரிசை தலைகீழாகும் என்பதை ஒவ்வொரு குவெரியிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு ஐடிகளுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் போடுங்கள். தேடல் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும்.