டி.எல்.டி மாத்திரையோட வேற மருந்து போடுறப்ப கவனிக்க வேண்டியது

ஹெச்ஐவிக்கு மருந்து குடுக்குற ஏ.ஆர்.டி சென்டர்ல இப்போ பெரும்பாலும் குடுக்குறது டி.எல்.டி தான், டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரைல. பழைய மருந்துங்களுக்கு இது எவ்வளவோ தேவலாம், ஆனா மிச்சம் இருக்குற சிக்கல்ல பாதி மெடிக்கல் ஷாப்ல நாமளே கேட்டு வாங்குறதால தான், அத மருந்துன்னே நினைக்காததால டாக்டர் கேட்டா "வேற ஒண்ணும் போடல சார்"ன்னு சொல்லிட்டு வந்துடறோம்.

நெஞ்செரிச்சல்னு ஜெலுசில், டைஜீன் குடிக்கிறோம்ல, அதுல இருக்குற அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை வயித்துலயே புடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல சரியா ஏறாது. அதனால டி.எல்.டி-ய முதல்ல போட்டு 2 மணி நேரம் கழிச்சு ஜெலுசில் குடிங்க, இல்ல ஜெலுசில் முதல்ல குடிச்சாச்சுன்னா 6 மணி நேரம் பொறுங்க. அயர்ன், கால்சியம் மாத்திரைக்கும் வெறும் வயித்துல இதே கணக்கு தான், ஆனா சாப்பாட்டோட போட்டா ரெண்டையும் ஒண்ணாவே போடலாம். சித்த வைத்தியர் குடுக்குற அயச்செந்தூரமும் இரும்பு தாங்க, அதையும் மறைக்காம சொல்லுங்க.

டிபி மருந்து தான் பெரிய விஷயம். ரிஃபாம்பிசின் போட்டா கல்லீரல் டோலுடெக்ராவிரை வேகமா கரைச்சு வெளிய தள்ளிடும், அதான் டி.எல்.டி போட்டு 12 மணி நேரம் கழிச்சு டோலுடெக்ராவிர் மட்டும் 50 மி.கி தனியா இன்னொண்ணு குடுப்பாங்க. டிபி கோர்ஸ் முடிஞ்ச அன்னைக்கே அத நிறுத்திடாதீங்க, ரிஃபாம்பிசின் வேகம் அடங்க இன்னும் 2 வாரம் ஆகும், அதுவரைக்கும் போடணும்.

சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு டோலுடெக்ராவிரால அது உடம்புல கூடுதலா தங்கும், வழக்கமா ஒரு நாளைக்கு 1000 மி.கி-க்கு மேல போக விடமாட்டாங்க, டோஸை நீங்களா குறைக்காம டாக்டர்கிட்ட கேளுங்க. வலிப்புக்கு கார்பமசிபின், ஃபெனிடோயின் போடுறவங்க கட்டாயம் சொல்லணும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை வாரக்கணக்குல முழுங்காதீங்க, டெனோஃபோவிரோட சேர்ந்து கிட்னிய பாதிக்கும்.

செகண்ட் லைன்ல (முதல்ல குடுத்த மருந்து கேக்காதப்ப மாத்திக் குடுக்குறது) ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை போடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது, ஒத்தைத் தலைவலிக்கு குடுக்குற எர்கோட்டமினும் கூடாது, மூக்குல அடிக்கிற ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே கூட உடம்புல ஸ்டெராய்டை ஏத்தி முகத்த ஊத வெச்சிடும் (ஸ்ப்ரேவ யாரு மருந்துன்னு கணக்குல எடுக்குறா).

அடுத்த தடவ சென்டருக்கு போறப்ப வீட்டுல இருக்குற அட்டை, பாட்டில், பொடி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கொண்டுபோய் ஃபார்மசிஸ்ட் முன்னாடி கொட்டுங்க. வெளி டாக்டர்கிட்ட ஹெச்ஐவின்னு சொல்ல கூச்சமா இருந்தா அவர் எழுதின சீட்ட சென்டர்ல காட்டிட்டு அப்புறம் வாங்குங்க, சந்தேகம்னா 1097-க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது. பதில் வர்ற வரைக்கும் டி.எல்.டி-ய மட்டும் நிறுத்தாதீங்க.