ஷார்ப்ஸுக்குப் பழைய பாணி ஸ்கோப்: என் அனுபவம்

வெள்ளெழுத்து வந்தபின் என் 1874 ஷார்ப்ஸ் (ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் பழைய அமெரிக்க ரைஃபிள்) நகல் ரைஃபிளில் இரும்புக் குறியை, அதாவது லென்ஸ் இல்லாத முன், பின் குறிகளை, வைத்துச் சுடவே முடியவில்லை. முன்குறி தெளிவாகத் தெரிந்தால் இலக்கு மங்கும். இலக்கைப் பார்த்தால் முன்குறி காணாமல் போகும். இங்கே அமெரிக்காவில் கரிமருந்து சிலூவெட் போட்டியில் (விலங்கு, பறவை வடிவ இரும்புத் தகடுகளைச் சுட்டு வீழ்த்துவது) 200 மீட்டரில் இரும்புக் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக் கிடா. கண்ணாடி மாற்றியும் பலனில்லை. ஸ்கோப் (ரைஃபிள் மேல் பூட்டும் தொலைநோக்கி) பிரிவுக்கு மாறினேன்.

நவீன குட்டை ஸ்கோப் இந்த ரைஃபிளுக்குப் பொருந்தவே பொருந்தாது, போட்டியிலும் விடமாட்டார்கள். சிரக்யூஸ் நகரத்து வில்லியம் மால்கம் 1855இல் செய்யத் தொடங்கிய பாணியில், முக்கால் அங்குலத் தடிமனுள்ள நீளக் குழாய், 6 மடங்கு உருப்பெருக்கம் வாங்கினேன். பேரலில் ஏற்கெனவே இருந்த முன், பின் காடிகளிலேயே ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கிகள் உட்கார்ந்தன. துளை போட மனசு வராதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இந்த வகையில் பின்தாங்கியைத் திருகால் ஏற்றி இறக்கித்தான் குறியைச் சரிசெய்யணும். அதன் கணக்கும் சாதகம்தான். தாங்கிகளுக்கிடையே 24 அங்குலம் என்றால், ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கோணத்துக்குப் பின்தாங்கியை ஆயிரத்தில் 7 பங்கு அங்குலம் உயர்த்தணும். அதனால் திருகில் சின்னப் பிசகு பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கிடா தூரத்துக்கு நிறைய உயரம் தேவை; பின்தாங்கி எவ்வளவு ஏறும் என்று பார்த்துத்தான் வாங்கணும்.

முதலில் குண்டுகள் சிதறின. குழாயில் பென்சிலால் கோடு போட்டுச் சுட்டுப் பார்த்தேன்: உதையில் குழாய் தாங்கியின் வளையத்துக்குள் முன்னே நழுவியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, வளையத்தை இறுக்கினேன். அதன்பின் கோடு நகரவில்லை.