இலவச மென்பொருள் நின்றுபோனாலும் உங்கள் விமான ரிசீவர் நிற்காமல் இருக்க

மாடியில் ஓர் ஆன்டெனா, ஒரு யுஎஸ்பி டாங்கிள், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி. இவ்வளவு இருந்தால் சுற்றுவட்டாரத்தில் பறக்கும் விமானங்கள் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பிடித்து, அவற்றை வரைபடத்தில் நாமே பார்க்கலாம். இதற்கான மென்பொருளில் பெரும்பங்கை யாரோ சிலர் சம்பளம் இல்லாமல், ஆசைக்காக எழுதுகிறார்கள். அவர்களுக்கு வேலை மாறும், குடும்பம் பெரிதாகும், ஆர்வம் வேறு பக்கம் போகும். அது அவர்கள் உரிமை. அதனால் இந்த நிரல் இன்னும் எத்தனை வருடம் வரும் என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, எந்த நிரல் போனாலும் ரிசீவர் ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை வேண்டும், வழி அதில்தான் இருக்கிறது. 2005-இல் கைனெடிக் என்ற நிறுவனம் ஆர்வலர்களுக்காக எஸ்பிஎஸ்-1 ரிசீவரைக் கொண்டுவந்தது. அதோடு பேஸ்ஸ்டேஷன் என்ற விண்டோஸ் நிரலும் வந்தது. கிடைக்கும் ஒவ்வொரு செய்தியையும் காற்புள்ளி பிரித்த ஒரே வரியாக 30003 என்ற போர்ட்டில் (மற்ற நிரல்கள் வந்து இணையும் எண்ணிட்ட வாசலில்) அது அனுப்பும். அந்தப் பெட்டியை இன்று யாரும் தேடி வாங்குவதில்லை. ஆனால் ரேடியோ சிக்னலைச் செய்தியாக மாற்ற நாம் இப்போது பயன்படுத்தும் டிகோடர் நிரல்கள் அதே 30003-இல் அதே வரியைத்தான் தருகின்றன.

2012-இல், டிவி பார்ப்பதற்காக விற்ற ஆர்டிஎல்2832யு சிப் டாங்கிளிலிருந்து ரேடியோ மாதிரிகளை அப்படியே எடுக்கலாம் என்று தெரியவந்தது. ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதிய சால்வதோரே சான்ஃபிலிப்போ, டம்ப்1090 என்ற டிகோடரை எழுதி மூலநிரலோடு வெளியிட்டார். பிறகு அவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். மால்கம் ராப் அதை எடுத்து வளர்த்தார். அதிலிருந்து கிளைகள் பிரிந்தன. ஃப்ளைட்அவேர் நிறுவனம் பராமரிக்கும் டம்ப்1090-எஃப்ஏ ஒன்று, இன்று பலர் ஓட்டும் ரீட்எஸ்பி இன்னொன்று. பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வெளியே வரும் தரவின் வடிவம் மட்டும் மாறவில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

சிக்னலே நின்றுவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஏடிஎஸ்-பி என்பது 1090 மெகாஹெர்ட்ஸில் விமானம் தானாகவே, மறையாக்கம் இல்லாமல் ஒலிபரப்புவது. ஒரு செய்தி 112 பிட். முன்னால் வரும் துடிப்புகளையும் சேர்த்தால் 120 மைக்ரோ விநாடி. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் இது கட்டாயம், ஐரோப்பாவிலும் கட்டாயமாகிவிட்டது. இதை மாற்ற வேண்டுமானால் உலகத்து விமானங்களில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளையெல்லாம் மாற்ற வேண்டும். அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. ஆனால் தரநிலை வளரும். 2020-இல் வந்த டிஓ-260சி என்ற தரநிலை ஆவணம், ஏடிஎஸ்-பியின் ‘பதிப்பு 3’-ஐ வரையறுத்தது. அதே துடிப்புகளில் ரேடியோ அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றிக் கூடுதல் தகவல் அனுப்பவும் அதில் இடம் இருக்கிறது. பழைய டிகோடர் அடிப்படைச் செய்தியைப் படித்துக்கொண்டே இருக்கும், புதிய பகுதி அதற்குப் புரியாது. யாராவது உட்கார்ந்து அதைப் படித்து எழுத வேண்டும். மென்பொருளுக்கு உயிருள்ள பராமரிப்பாளர் தேவைப்படுவது இதனால்தான்.

பிரித்து வையுங்கள்

ஆன்டெனாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1090 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் நிமிர்ந்த கம்பி ஒன்று, கீழ்நோக்கிச் சாய்ந்த கம்பிகள் நான்கு. தொடங்க இது போதும். உயரம்தான் முக்கியம். 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு ரேடியோ தொடுவானம் 400 கிலோமீட்டரைத் தாண்டும், ஆனால் பக்கத்துச் சுவர் ஒன்றே அந்தத் திசையை அடைத்துவிடும்.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய இமேஜ்கள் கிடைக்கின்றன. எஸ்டி கார்டில் எழுதிப் போட்டால் வேலை முடிந்தது. முதல் வாரத்துக்கு அது நல்லதுதான். நீண்ட நாள் ஓட்டப் போகிறீர்கள் என்றால், வெறும் லினக்ஸ் நிறுவி அதன் மேல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

டிகோடர் டாங்கிளைப் படிக்கட்டும், வேறெதுவும் செய்ய வேண்டாம். அது மூன்று வழிகளில் தரவு தரும்: 30005 போர்ட்டில் மூலச் செய்திகளை அப்படியே தரும் பீஸ்ட் என்ற வடிவம், 30003-இல் நான் சொன்ன வரிகள், அப்புறம் விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு ஜேசன் கோப்பு. உலாவியில் விமானங்களைக் காட்டும் டார்1090 போன்ற வரைபடம் அந்த ஜேசன் கோப்பைத்தான் படிக்கிறது. பலருடைய தரவையும் சேர்த்துக் காட்டும் பகிர்வுத் தளங்களுக்கு அனுப்பும் ஃபீடர் நிரல்கள் ஒவ்வொன்றும் தனிச் சேவையாக 30005-உடன் இணையட்டும். விர்ச்சுவல் ரேடார் சர்வர் என்ற இன்னொரு வரைபட நிரல் பிடித்திருந்தால் அதையும் இதே போர்ட்டுகளில் இணைக்கலாம். எதை எடுத்தாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பிரித்து வைத்தால் கோளாறு கண்டுபிடிப்பதும் எளிது. வரைபடம் காலியாக இருக்கிறதா? நெட்கேட் நிரலால் 30003-ஐத் திறந்து பாருங்கள். வரிகள் ஓடினால் சிக்கல் வரைபடத்தில். ஓடாவிட்டால் டிகோடரிலோ டாங்கிளிலோ ஆன்டெனாவிலோ.

தளங்களை இப்படித் தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்ற பகிர்வுத் தளம் ஜெட்நெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தரவு கொடுத்துவந்தவர்களில் பலர் விலகினார்கள். ஏடிஎஸ்பி.லோல், ஏர்பிளேன்ஸ்.லைவ் போன்ற தளங்களுக்குத் தரவு போகத் தொடங்கியது. விற்றது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சொந்த டிகோடர் வைத்திருந்தவருக்கு அந்த மாற்றம் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான்.

அதற்காகப் பகிராமல் இருந்துவிடாதீர்கள். தன் இடத்தை அறிவிக்காத விமானத்தை எம்லாட் முறையில் கண்டுபிடிக்க, ஒரே செய்தியைப் பல ரிசீவர்கள் கேட்டு, வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். தனியாளால் அது முடியாது. என் சிக்னலும் முகம் தெரியாத இன்னும் சிலருடைய சிக்னலும் சேர்ந்து ஒரு விமானத்தின் இடத்தைச் சொல்வது இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சேமித்து வையுங்கள்

பலரும் கவனிக்காத ஒன்று: அந்த ஜேசன் கோப்பு வழக்கமாக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். எஸ்டி கார்டு தேயாமல் இருக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆகவே உங்களுக்குச் சரித்திரம் வேண்டுமென்றால் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். நான் நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பைப் பிரதியெடுத்து, நாள் முடிந்ததும் சுருக்கி, வெளி டிஸ்க்கில் வைக்கிறேன். ரீட்எஸ்பியிலேயே பறந்த தடங்களை நாள்வாரியாக எழுதிவைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் டார்1090-இல் பழைய நாளைத் திரும்பப் பார்க்கலாம்.

மூலச் செய்திகளையும் சேமிக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பீஸ்ட் வடிவத்தில் நீண்ட செய்தி ஒன்று 23 பைட், குறுஞ்செய்தி 16 பைட். சராசரி 20 என்று வைத்தால், விநாடிக்கு 500 செய்தி வரும் இடத்தில் ஒரு நாளைக்கு 860 மெகாபைட்டுக்கு மேல். எல்லா நாளும் வைப்பது கஷ்டம். ஒரு மணி நேரம் என்றால் 36 மெகாபைட்தான். அதனால் அவ்வப்போது ஒரு மணி நேரத்தை அப்படியே பதிவு செய்து வைக்கிறேன். அதில் ரிசீவர் போட்ட நேரக்குறியும் சிக்னல் வலிமையும் சேர்ந்தே இருக்கும். நாளை இதைவிட நல்ல டிகோடர் வந்தால், அதே பதிவைக் கொடுத்து இன்று கண்ணில் படாததையும் படிக்கச் சொல்லலாம். 30003 வரிகளில் அது நடக்காது, அவை ஏற்கெனவே யாரோ புரிந்துகொண்டு எழுதியவை.

தரவோடு மென்பொருளையும் சேமியுங்கள். நீங்கள் ஓட்டும் பதிப்பின் மூலநிரல், அது நம்பியிருக்கும் டாங்கிளை இயக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் நூலகம், சிக்னலில் வரும் விமான எண்ணைப் பதிவெண்ணோடு இணைக்கும் பட்டியல் மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), போர்ட் எண்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கட்டும்.

தேர்ந்தெடுக்கும்போது

புதிய நிரல் ஒன்றைப் போடும் முன் நான் திரையழகைப் பார்ப்பதில்லை, உரிமத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இலவசம் என்பது வேறு, மூலநிரலைத் திறந்து தரும் திறமூலம் என்பது வேறு. இலவசமான மூடிய நிரலை எழுதியவர் நிறுத்திவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. யாரும் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தில் டம்ப்1090 வந்ததால்தான் அடுத்தவர்கள் அதைத் தொட முடிந்தது. ரீட்எஸ்பி இப்போது ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதை மாற்றி விநியோகிப்பவர் தம் மூலநிரலையும் தந்தாக வேண்டும். அடுத்து, பொதுவான வடிவத்தில் தரவைத் தருகிறதா, வாங்குகிறதா என்று பாருங்கள். தனக்கு மட்டும் தெரிந்த வடிவத்தில் பூட்டிவைக்கும் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

எழுதுபவருக்குத் தோள் கொடுங்கள்

இந்த மென்பொருளின் எதிர்காலம் பாதி நம் கையில் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்று இல்லை. ஒரு நல்ல பிழை அறிக்கை போதும். வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் அவர் ஒரு மாலை முழுவதும் உங்களிடம் கேள்வி கேட்டே களைத்துப்போவார். பதிப்பு எண், எந்தக் கணினி, டாங்கிள் எது, எதைச் செய்ததும் என்ன நடந்தது, பதிவேட்டின் கடைசி வரிகள் ஆகியவற்றைக் கொடுங்கள். முடிந்தால் அந்தச் சிக்கல் நடந்த நேரத்தின் பீஸ்ட் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். அப்போது அவர் தன் மேசையில் இருந்தபடியே அதே சிக்னலை ஓட்டிப் பார்க்க முடியும். நன்கொடைப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். நிறுவும் வழிமுறையைத் தமிழில் எழுதி வைப்பதும் உதவிதான், புதிதாக வருபவர்களின் கேள்விகளில் பாதியை அது தாங்கிக்கொள்ளும்.

ஒரு பொறுப்பும் நமக்கு உண்டு. தனியார் விமானங்களின் நடமாட்டத்தை வெளியிடுவது பற்றிய சட்டங்கள் இறுகிவருகின்றன. அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர் தற்காலிக மாற்று எண்ணைக் கேட்டு வாங்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டில் சிக்னலைப் பெறுவதற்கும் வெளியிடுவதற்கும் என்ன விதி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் வரைபடத்தை இணையத்தில் திறந்துவைத்தால், ரிசீவரின் இடத்தைச் சற்றுத் தள்ளியோ தோராயமாகவோ காட்டுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் வீட்டு முகவரிதான்.

எல்லாம் முடிந்ததும் ஒத்திகை பாருங்கள். ஒரு மாலை இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். விமானங்கள் வரைபடத்தில் நகர்கின்றனவா? பின்னணி வரைபடம் வராமல் போகலாம், அதற்கு இணையமில்லாமல் ஓடும் வரைபடத் துண்டுகளை இறக்கி வைக்கலாம். அடுத்து, காலியான எஸ்டி கார்டில் லினக்ஸை மட்டும் போட்டு, நீங்கள் சேமித்த மூலநிரலையும் அமைப்புக் கோப்பையும் கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தை உங்கள் எழுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டு, அந்தக் கார்டைப் பெயர் எழுதி ரிசீவர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.